கேட்டுப் பெறும் நட்பு

அமெரிக்காவுக்கு வேலை நிமித்தம் புதிதாகக் குடிபெயர்ந்தவர்கள் அந்நாட்டு மக்களைப் பற்றிச் சொல்லும் குறைகளில் மிகப் பழையதும் இன்றளவும் மாறாததுமான ஒன்று உண்டு. முதல் நாளிலேயே நெடுநாள் பழகியவரைப் போல முகம் மலர்ந்து பேசுகிறவர்கள், ஓராண்டு கழிந்த பின்னும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள், ஓர் அடிகூட நெருங்கி வருவதில்லை என்பதே அது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆன்சைட் பணிக்குச் செல்லும் மென்பொருள் பொறியாளர்கள் இதைச் சொல்கிறார்கள். அவர்களுக்கு முன்பே ஐரோப்பாவிலிருந்து சென்றவர்களும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். இக்குறையை ஆராய்ச்சிப் பொருளாக்கி எழுதிய குர்ட் லெவின், தாமே அங்குப் புதிதாகக் குடியேறிய ஒரு பணியாளர்தான். பெர்லினில் உளவியல் கற்பித்துவந்த யூதரான அவர், 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறி, கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டுகளும் பின்னர் அயோவாவிலும் வேலை பார்த்தார். அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் உள்ள சமூக உளவியல் வேறுபாடுகளைப் பற்றி 1936இல் அவர் வெளியிட்ட கட்டுரை, மனித ஆளுமையை ஒன்றையொன்று சூழ்ந்த வட்ட அடுக்குகளாக வரைந்துகாட்டுகிறது. அமெரிக்கரிடம் வெளியடுக்குகள் எவருக்கும் எளிதில் திறந்திருக்கின்றன, உள்ளடுக்கைச் சுற்றித்தான் தடுப்பு எழுகிறது. ஜெர்மானியரிடமோ தடுப்பு வாசலிலேயே நிற்கிறது, அதைத் தாண்டியவருக்கு உட்புறம் பெரும்பாலும் திறந்துவிடுகிறது என்பது அவர் கண்ட வேறுபாடு.

லெவின் இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. விரைவில் தொடங்கும் பழக்கம் ஒரு கட்டத்தில் நின்றுவிடுவதையும், பல ஆண்டுகள் நெருங்கியிருந்தவர்கள் சில வாரங்களே அறிமுகமானவரைப் போல எளிதாக விடைபெற்றுச் செல்வதையும் அவர் பதிவுசெய்தார், அவ்வளவுதான். புதிதாகச் சென்றவருக்கு நேரும் துன்பம், அந்த வெளியடுக்கின் இனிமையை நட்பின் தொடக்கமென்று கருதி, அடுத்த படி தானாக வரும் என்று காத்திருப்பதால் விளைகிறது. தமிழ்நாட்டில் ஒரே தெருவில் குடியிருப்பதும் ஒரே பேருந்தில் போய்வருவதும் காலப்போக்கில் உறவாகக் கனிந்துவிடுகின்றன. எவரும் எவரையும் நட்புக்கு அழைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் காலம் மட்டும் அந்த வேலையைச் செய்வதில்லை. அங்கே நெருக்கம் வாய்விட்டுக் கேட்டு, நாள் குறித்து, இருவரும் ஒப்புக்கொண்டு பெறப்படுகிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டவர்க்கு அந்நாட்டுப் பழக்கங்களில் பெரும்பகுதி விளங்கிவிடும் என்பதும், புரிந்துகொண்ட பின்னும் வாய்திறக்க முடியாதபடி சிலரைத் தடுப்பது பண்பாடன்று, குடியேற்றச் சட்டம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அறிமுகமில்லாதவரிடமும் சிரித்துப் பேசும் வழக்கத்திற்குச் சமூக வரலாற்றில் காரணங்கள் உள்ளன. 1950களில் அமெரிக்க மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஆண்டுதோறும் வீடு மாறிக்கொண்டிருந்தார். இன்று அந்த விகிதம் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது என்றாலும், அந்த இடப்பெயர்ச்சிக் காலம் உருவாக்கிய நடத்தை நிலைத்துவிட்டது. பிறந்த ஊர் ஒரு மாநிலத்திலும் படித்த ஊர் இன்னொன்றிலும் வேலை பார்க்கும் ஊர் மூன்றாவதிலும் இருப்பது அங்கே வியப்புக்குரிய செய்தியன்று. அடிக்கடி ஊர் மாறுகிற மக்கள், புதியவரோடு உடனே பேசத் தெரிந்திருக்க வேண்டும். பிரியும்போது அதிகம் வருந்தாதிருக்கவும் வேண்டும். மேலும், பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஒருவர் மொழியை ஒருவர் அறியாமல் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த சமூகங்களில் மக்கள் தம் உணர்வை முகத்தில் வெளிப்படையாகக் காட்டுவது கூடுதல் என்று, பல நாடுகளை ஒப்பிட்டு 2015இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு கண்டறிந்தது. பொதுவான மொழியும் பொதுவான ஊர்க்கதையும் இல்லாத இடத்தில், தீங்கு செய்ய மாட்டேன் என்பதை முதலில் தெரிவிக்க வேண்டியது முகம்தான். லிஃப்டில் ஏறியவர் தலையசைத்து நலம் விசாரிப்பதையும், பின்னால் வருகிறவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் இந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால், அவற்றில் போலித்தனம் ஏதுமில்லை என்பது தெரியும்.

இதே காரணம் அவர்கள் பேசும் முறையையும் வடிவமைத்திருக்கிறது. வாஷிங்டனில் வெளியுறவுத் துறையின் பயிற்சிக் கழகத்தில் அமெரிக்கத் தூதரக அலுவலர்களுக்குப் பிற பண்பாடுகளைப் பற்றிக் கற்பித்த மானிடவியலாளர் எட்வர்ட் ஹால், 1976இல் வெளியிட்ட நூலில் சமூகங்களின் பேச்சுமுறையை இருவகையாகப் பிரித்தார். சொல்லப்படும் சொல்லைவிடச் சொல்பவரின் வயது, உறவுமுறை, இடம், தயக்கம், மௌனம் ஆகியவை அதிகப் பொருளைத் தாங்கினால் அது சூழல் மிகுந்த பேச்சு; பொருளின் பெரும்பங்கைச் சொல்லே தாங்கினால் அது சூழல் குறைந்த பேச்சு. அமெரிக்கப் பேச்சு பெரிதும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தமிழர் வீட்டுப் பேச்சு முதல் வகையைச் சேர்ந்தது.

இந்த வேறுபாடு மிக நுண்ணிய இடங்களில் வெளிப்படுகிறது. அமெரிக்கர் ஒருவரின் வீட்டுக்குச் செல்லும் தமிழர், குடிக்க ஏதாவது வேண்டுமா என்று கேட்கப்படும்போது, முதல் முறையே ஒப்புக்கொள்வது அநாகரிகம் என்னும் வளர்ப்பினால் வேண்டாம் என்கிறார். வீட்டுக்காரர் இன்னொரு முறை வற்புறுத்துவார், அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் எதிர்பார்ப்பு. வீட்டுக்காரரோ விருந்தினரின் சொல்லை அப்படியே மதிக்கிறார். வேண்டாம் என்றவரை வற்புறுத்துவது அவரது விருப்பத்தில் தலையிடுவதாகும் என்பது அவர் கற்ற மரியாதை. மாலை முழுவதும் பேசிவிட்டு விருந்தினர் தாகத்தோடு வீடு திரும்புகிறார், தம்மைச் சரியாகக் கவனிக்கவில்லை என்ற நினைவோடு. இருவருமே தத்தம் முறையில் பண்போடு நடந்துகொண்டிருக்கிறார்கள். அதே விருந்தினர் முதல் கேள்விக்கே தண்ணீர் வேண்டும், தேநீராக இருந்தால் இன்னும் நல்லது என்று சொல்லியிருந்தால் வீட்டுக்காரர் மகிழ்ந்திருப்பார்.

அழைப்புகளுக்கும் இது பொருந்தும். ஒருநாள் சேர்ந்து மதிய உணவுக்குப் போவோம் என்று அலுவலகத் தோழர் சொல்வது வெறும் உபசார வார்த்தை என்று பலர் கசந்துகொள்கிறார்கள். உண்மையில் அது ஒரு திறந்த இடம். அதை நிரப்பும் பொறுப்பு இருவருக்கும் சமமாக உண்டு. அடுத்த வியாழன் பன்னிரண்டு மணிக்கு முடியுமா என்று திருப்பிக் கேட்பவருக்குப் பெரும்பாலும் ஒரு நாள் கிடைக்கிறது. அவர் கேட்பதற்காகக் காத்திருப்பவருக்குக் கிடைப்பதில்லை. பிறந்தநாள் விருந்துக்கான அழைப்பில் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரமும் குறிக்கப்பட்டிருப்பது விருந்தினரை விரட்டுவதற்காக அன்று, அவருடைய நாளைத் திட்டமிட்டுக்கொள்ள உதவுவதற்காக. வருகிறீர்களா என்று கேட்டிருந்தால், வர இயலாவிட்டாலும் பதில் எழுதுவது கட்டாயம். பதில் சொல்லாமல் இருப்பதும், குறிப்பிடாத ஆட்களை உடன் அழைத்துச் செல்வதும் அங்கே உண்மையான அவமதிப்புகள். பாட்லக் எனப்படும் கூட்டு விருந்தில், ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து பகிர்ந்துண்பதால், முன்கூட்டியே பட்டியலில் தம் பண்டத்தைப் பதிவுசெய்துவிட வேண்டும். அதில் முந்திரி, வேர்க்கடலை, பால் சேர்ந்திருந்தால் ஒரு சீட்டில் எழுதிவைப்பது அங்கே எல்லாரும் எதிர்பார்க்கும் ஒழுங்கு. ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் உயிர் அந்தச் சீட்டைச் சார்ந்திருக்கலாம்.

புதிய நாட்டில் மனம் படும் பாட்டுக்குப் பண்பாட்டு அதிர்ச்சி என்ற பெயரைப் பரவலாக்கியவர் கனடாவில் பிறந்த மானிடவியலாளர் காலெர்வோ ஓபர்க். 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு மகளிர் மன்றத்தில் ஆற்றிய உரையில், மனிதர் அன்றாடம் அறியாமலே சார்ந்திருக்கும் ஆயிரம் சிறு குறிப்புகளை இழப்பதால் வரும் பதற்றமே அது என்று அவர் விளக்கினார்: எப்போது கை குலுக்குவது, எப்போது டிப்ஸ் கொடுப்பது, எந்த அழைப்பை ஏற்பது, எதை மறுப்பது என்பன போன்றவை. வியப்பு, பகைமை, மீட்சி, இணக்கம் என்று நான்கு கட்டங்களை அவர் வகுத்தார். அடுத்த ஆண்டில் நார்வே சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று திரும்பிய தம் நாட்டவர் இருநூறு பேரை ஆராய்ந்து, ஆறு மாதத்துக்கும் குறைவாகவும் பதினெட்டு மாதத்துக்கும் அதிகமாகவும் தங்கியவர்களைவிட, இடைப்பட்ட காலம் தங்கியவர்களே மிகவும் பொருந்தாமல் இருந்தார்கள் என்று கண்டார். இவ்வாறு இறங்கிப் பின் ஏறும் வளைகோடு எல்லாருக்கும் பொருந்துவதில்லை. நியூஸிலாந்து சென்ற ஜப்பானிய மாணவர்களைப் பற்றிய 1998ஆம் ஆண்டு ஆய்வில், துன்பம் மிகுந்திருந்தது வந்து இறங்கிய தொடக்க நாள்களில்தான். ஆனாலும் ஓபர்க் சொன்னதில் ஒரு கூற்று இன்றும் கூர்மை மழுங்காதது. இரண்டாம் கட்டத்தில் இருப்பவர் தம் நாட்டவரோடு மட்டும் கூடி, தங்கியிருக்கும் நாட்டின் மக்களையும் வழக்கங்களையும் குறைகூறத் தொடங்குகிறார் என்றும், அக்குறைகள் ஆராய்ந்து சொன்னவையாக இருப்பதில்லை என்றும் அவர் எச்சரித்தார்.

ஓபர்க் குறிப்பிட்ட டிப்ஸ் பழக்கத்தையே எடுத்துக்கொண்டால், உணவகப் பில்லில் 15 முதல் 20 விழுக்காடு வரை சேர்த்துக் கொடுக்க வேண்டியிருப்பதைக் கொள்ளை என்று புதியவர் எண்ணுவது இயல்பு. ஆனால் உணவு பரிமாறுவோர் போன்று டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்ச ஊதியம், கூட்டரசுச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர், 1991இலிருந்து அது உயரவில்லை. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் முழு ஊதியத்தையே கட்டாயமாக்கியுள்ளன என்றாலும், நாட்டின் பெரும்பகுதியில் மேசையில் வைக்கும் பணம் ஊழியரின் சம்பளத்தில் ஒரு பகுதி. இந்த அமைப்பு நியாயமானதா என்பது வேறு விவாதம்; அதன் சுமையைப் பரிமாறுபவர் மீது இறக்கக் கூடாது.

அலுவலகம் இன்னும் சிக்கலான இடம். பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் ஊழியர்களிடம் பல நாடுகளில் திரட்டிய தரவுகளைக் கொண்டு 1980இல் நூல் வெளியிட்ட டச்சு அறிஞர் கீர்ட் ஹோஃப்ஸ்டேடு, மேலோர் கீழோர் வேறுபாட்டை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதை அதிகார இடைவெளி என்னும் அளவையால் குறித்தார். அதில் இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40. நாடுகளை எண்களாகச் சுருக்குவதில் குறைகள் உண்டு, எனினும் சார் என்று அழைத்துப் பழகியவர் துணைத் தலைவரைப் பெயர் சொல்லி அழைக்கத் திணறும்போது அந்த இடைவெளி தொண்டையில் உணரப்படுகிறது. பெயர் சொல்லி அழைப்பதால் அதிகாரம் மறைந்துவிட்டது என்று கொள்வது இதற்கு நேர்மாறான பிழை. மான்டானா நீங்கலாக எல்லா மாநிலங்களிலும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிக்கப்படாதவரை, முதலாளி காரணம் சொல்லாமலே வேலையிலிருந்து நீக்கலாம் என்பதுதான் அடிப்படை விதி. தோளில் தட்டிப் பேசும் மேலாளரே அந்த முடிவையும் அறிவிப்பார்.

இங்கும் கேட்பதும் சொல்வதும்தான் நடுநாயகம். ஒன் ஆன் ஒன் எனப்படும், மேலாளரும் ஊழியரும் மட்டும் வாரந்தோறும் அரைமணி நேரம் சந்திக்கும் வழக்கம், ஊழியரின் பயனுக்காகவே ஏற்பட்டது. எதைப் பேசுவது என்பதை அவரே கொண்டுவர வேண்டும். புதிதாகச் சென்றவர் தேர்வறையில் அமர்ந்ததைப் போல மேலாளரின் கேள்விக்காகக் காத்திருக்கிறார். மேலாளர் இவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எண்ணிப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார். ஆண்டிறுதி மதிப்பீட்டில் தம் சாதனைகளைத் தாமே எழுதித் தர வேண்டும் என்னும்போது, தற்புகழ்ச்சியை இழுக்கென்று கற்றவர் நான்கு வரியோடு நிறுத்திக்கொள்கிறார். பக்கத்து மேசைக்காரர் இரண்டு பக்கம் எழுதுகிறார். முயன்று பார்க்கிறேன் என்பது சென்னையில் பெரும்பாலும் மறுப்பு. சியாட்டிலில் அது ஒப்புதலாகக் கேட்கப்பட்டு, வெள்ளிக்கிழமை வேலை முடியாதபோது நம்பகமற்றவர் என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. இதற்குப் புதன்கிழமை ஆகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் எவரும் கோபித்திருக்க மாட்டார்கள்.

ஒரு விலக்கும் உண்டு. எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லும் அமெரிக்கர், குறை சொல்லும்போது மட்டும் சுற்றி வளைக்கிறார் என்பதை, எரின் மேயர் 2014இல் வெளியிட்ட பண்பாட்டு ஒப்பீட்டு நூல் டச்சுக்காரர்களோடும் ஜெர்மானியர்களோடும் ஒப்பிட்டு விளக்குகிறது. மூன்று பாராட்டுகளுக்கு நடுவே, இந்தப் பகுதியை இன்னொரு முறை யோசித்துப் பார்க்கலாமே என்று மெதுவாகச் சொல்லப்படுவதுதான் அந்தக் கூட்டத்தின் உண்மையான செய்தி. இந்தியாவில் நேரடிக் கடுஞ்சொல்லுக்குப் பழகியவர்கள் பாராட்டை மட்டும் நினைவில் கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள்.

பெயரே சிக்கலாவது தமிழர்க்கு வாய்த்த தனித்த சோதனை. குடும்பப் பெயர் இல்லாத, தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னொட்டாகக் கொண்ட பெயர்முறை, முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் கொண்ட அமெரிக்கப் படிவத்தில் அடங்குவதில்லை. கடவுச்சீட்டில் பெயர் முழுவதும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் மட்டும் பதிவாகியிருந்தால், முதற்பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் எஃப்என்யூ என்ற மூன்றெழுத்து விசாவில் அச்சாகிறது. அது ஓட்டுநர் உரிமம், வங்கி அட்டை வரை தொடர்ந்து, மருத்துவமனையில் செவிலியர் அதையே பெயரென்று எண்ணி அழைக்கும் நிலையும் வருகிறது. தந்தை பெயரைக் கடைசிப்பெயராகத் தந்தவர்களை அலுவலகக் கடிதங்கள் காலஞ்சென்ற தந்தையின் பெயரால் விளிக்கின்றன. கணவன், மனைவி, குழந்தை மூவரும் மூன்று கடைசிப்பெயர்களோடு விமான நிலையத்தில் நிற்கும்போது உறவை விளக்க வேண்டியிருக்கிறது. விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே கடவுச்சீட்டில் பெயரைப் பிரித்துப் பதிவுசெய்துகொள்வதே இதற்கு வழி. குடியேறிய பின் ஒவ்வோர் ஆவணமாகத் திருத்துவது பெரும் அலைச்சல்.

எதைக் கேட்கக் கூடாது என்பதிலும் சட்டத்தின் நிழல் விழுந்திருக்கிறது. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு ஆகியவற்றின் அடிப்படையில் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. 1967ஆம் ஆண்டின் சட்டம் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கும், 1990ஆம் ஆண்டின் சட்டம் உடற்குறை உள்ளவர்களுக்கும் பாதுகாப்பளித்தது. இவற்றின் விளைவாக, வயது என்ன, திருமணம் ஆகிவிட்டதா, குழந்தை எப்போது, எந்த மதம் என்ற கேள்விகள் நேர்முகத் தேர்விலிருந்து விலகி, அங்கிருந்து அலுவலகப் பேச்சிலிருந்தும் பெருமளவு விலகிவிட்டன. தமிழ்நாட்டில் அக்கறையின் அடையாளமாக எழும் இதே கேள்விகள் அங்கே வேவு பார்ப்பதாகப் படுகின்றன. அக்கறையைக் காட்ட வேறு வழி உண்டு: வார இறுதி எப்படிப் போயிற்று என்று கேட்டு, அவர் தாமாகச் சொன்ன நாயின் பெயரையோ மகளின் போட்டியையோ நினைவில் வைத்து அடுத்த வாரம் விசாரிப்பது. சொன்னதை நினைவில் வைத்திருப்பவரைத்தான் அவர்கள் நெருங்கியவராக எண்ணத் தொடங்குகிறார்கள்.

வீட்டுக்கு வெளியே தெருவில் ஆளரவமே இல்லாதிருப்பது மக்களின் சுபாவத்தால் மட்டும் நேர்ந்ததன்று. ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்னும் சிற்றூர் தொடர்பான வழக்கில் 1926இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, குடியிருப்பு, கடை, தொழிற்சாலை ஆகியவற்றைத் தனித்தனி மண்டலங்களாகப் பிரிக்கும் அதிகாரத்தை ஊராட்சிகளுக்கு உறுதிசெய்தது. 1947இல் நியூயார்க்கின் லாங் தீவில் தொடங்கிய லெவிட்டவுன் போன்ற புறநகர்க் குடியிருப்புகளும், 1956இல் சட்டமான மாநிலங்களிடை நெடுஞ்சாலைத் திட்டமும் அதனோடு சேர்ந்து, நடந்து போய் ஒரு கறிவேப்பிலைக் கொத்து வாங்க முடியாத நிலப்பரப்பை உருவாக்கின. கார் நிறுத்தகத்திலிருந்து அலுவலகத்துக்கும் அங்கிருந்து திரும்பவும் மூடிய காரில் செல்பவர் அண்டை வீட்டாரைத் தற்செயலாகச் சந்திக்க வழியே இல்லை. தனிமையும் சமூகத் துண்டிப்பும் பொதுச் சுகாதாரச் சிக்கல்கள் என்று 2023இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலர் விவேக் மூர்த்தி அறிவிக்கை வெளியிட்டார். புதியவர் படும் தனிமையில் ஒரு பங்கு, அங்கேயே பிறந்தவர்களும் படுவது.

அத்தகைய குடியிருப்பில் முதல் சந்திப்பு பல வேளைகளில் தாளிப்பின் வழியாகவே நேர்கிறது. மரச் சட்டங்களால் கட்டப்பட்ட அப்பார்ட்மெண்டில் சமையலறை கதவில்லாமல் கூடத்தோடு சேர்ந்திருக்கிறது. அடுப்புக்கு மேலிருக்கும் விசிறி பல வீடுகளில் புகையை வெளியேற்றுவதில்லை, ஒரு வடிகட்டியினூடே செலுத்தி அதே அறைக்குத் திருப்பி அனுப்புகிறது. கடுகு வெடித்து மிளகாய் வற்றல் கருகும் கணத்தில் கூரையிலுள்ள ஸ்மோக் அலாரம் அலறுகிறது. ஜன்னலைத் திறந்து துண்டால் விசிறிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். வெட்கப்பட்டு, ஒன்றுமில்லை என்று கதவைப் பாதி திறந்து சாத்திக்கொள்பவர்களே அதிகம். வந்தவரோ புகார் சொல்ல வந்தவராக இல்லாமல், தீப்பிடித்துவிட்டதோ என்ற கவலையில் வந்தவராகவும் இருக்கலாம். பழகியவர்கள் தாளிக்கும் முன் படுக்கையறைக் கதவையும் குளிர்காலக் கோட்டுகள் தொங்கும் அலமாரியையும் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவைக்கிறார்கள். இது அடிமைத்தனமன்று, அடுத்த நாள் கூட்டத்தில் கோட்டின் மணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கும் வசதி.

இத்தகைய உறுத்தல்களிலிருந்து தப்ப, நியூ ஜெர்சியின் எடிசனிலும் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டிலும் டெக்சாஸின் ஃப்ரிஸ்கோவிலும் தம்மவர் நெருங்கி வாழும் இடங்களைத் தேடிச் செல்வது இயற்கையே. 1970களின் பிற்பகுதியில் பிட்ஸ்பர்க்கிலும் நியூயார்க்கின் ஃப்ளஷிங்கிலும் எழுந்த கோயில்கள், 1987இல் உருவான வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை, வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் ஆகியவை தந்திருக்கும் ஆறுதலைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் வந்து இறங்கிய முதல் மாதமே அந்த வட்டத்துக்குள் முழுவதுமாகப் புகுந்துகொள்பவர், ஓபர்க் சொன்ன இரண்டாம் கட்டத்திலேயே பல ஆண்டுகள் நின்றுவிடுகிறார். விட்டுவந்ததாக எண்ணிய சிலவும் அந்த வட்டத்தினுள்ளே உயிரோடிருக்கின்றன. சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் அவசியம் 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றத்துக்கு ஏற்பட்டது. அமெரிக்காவில் அத்தகைய சட்டம் இயற்றிய முதல் நகரம் அதுவே. ஊர் எது, தெரு எது என்று புதிதாக வந்தவரிடம் தம்மவரே துருவிக் கேட்கும் கேள்விகள், அமெரிக்கர் கேட்கத் தயங்கும் எந்தக் கேள்வியைவிடவும் கொடியவை.

அப்படியானால் லெவின் சொன்ன உள்ளடுக்கு திறக்கும் இடம் எது? 1831இல் சிறைகளை ஆராய வந்து ஒன்பது மாதம் அந்நாட்டைச் சுற்றிய பிரெஞ்சுக்காரர் அலெக்சி தொக்வில், அமெரிக்கர் எந்தச் சிறு காரியத்துக்கும் தாமாகக் கூடிச் சங்கம் அமைப்பதைக் கண்டு வியந்து எழுதினார். அவ்வழக்கம் தளர்ந்துவிட்டது என்று அமெரிக்க அரசியலறிவியலாளர் ராபர்ட் புட்னம் 2000இல் வெளியிட்ட நூலில் வருந்தினாலும், அது முற்றிலும் மறையவில்லை. சனிக்கிழமைக் காலையில் குழந்தைகள் கால்பந்தாடும் திடலே போதிய சான்று. பயிற்சியாளர்களாக இருப்பவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத பெற்றோர். எந்த வாரம் யார் ஆரஞ்சுப் பழமும் தண்ணீரும் கொண்டுவருவது என்ற பட்டியல் கைமாறுகிறது. மடக்கு நாற்காலிகள் கோட்டோரம் வரிசையாக விரிகின்றன. காரிலேயே உட்கார்ந்து கைபேசியைப் பார்க்கும் புதியவருக்குப் பருவம் முழுவதும் தலையசைப்புகளே கிடைக்கின்றன. நாற்காலியோடு வந்து, பட்டியலில் பெயரெழுதி, கூம்புகளை அடுக்க உதவட்டுமா என்று கேட்பவருக்கு மூன்றாவது வாரத்தில் மருத்துவர் பரிந்துரை கிடைக்கிறது, ஐந்தாவது வாரத்தில் வீட்டுக்கு அழைப்பு வருகிறது. சேர்ந்து செய்யும் வேலையின் ஓரத்தில்தான் அந்நாட்டில் நட்பு வளர்கிறது. எதிரெதிரே அமர்ந்து வளர்ப்பது அவர்களுக்கும் கடினம். பொது நூலகங்கள் பலவற்றில் நடக்கும் இலவச ஆங்கில உரையாடல் வட்டங்களும் இவ்வகையில் பெரிதும் பயன்படுபவை, குறிப்பாகத் துணைவராகச் சென்றவர்களுக்கு.

துணைவரின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். சிறப்புத் திறன் பணியாளருக்கான ஹெச்1பி விசாவில் சென்றவரின் கணவன் அல்லது மனைவி ஹெச்4 விசாவில் செல்கிறார். 2015 முதல், கிரீன் கார்டு எனப்படும் நிரந்தரக் குடியிருப்புக்கான பாதையில் குறிப்பிட்ட கட்டத்தைக் கடந்தவர்களின் துணைவர்கள் மட்டும் வேலை அனுமதி பெறலாம். மற்றவர்களுக்கு அது இல்லை. இங்கே ஆசிரியராகவோ வங்கி அலுவலராகவோ இருந்தவர், அங்கே வேலையும் ஓட்டுநர் உரிமமும் இல்லாமல், கடைக்குப் போகவும் மற்றவரின் மாலை நேரத்தை எதிர்பார்த்திருக்கிறார். அலுவலகம் செல்பவர் தினமும் அமெரிக்கச் சமூகத்தோடு மோதிக் கற்கிறார். வீட்டிலிருப்பவருக்கு மோதவும் ஆளில்லை.

பணியாளரின் மௌனத்துக்கும் சட்டத்தில் வேர் உண்டு. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் இன்றைய வடிவம் பெற்ற ஹெச்1பி விசா, மூன்றாண்டுக்கு வழங்கப்பட்டு, பொதுவாக ஆறாண்டு வரை நீட்டிக்கப்படுவது. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்களுக்குள் வேறு நிறுவனம் மனுச் செய்ய வேண்டும் அல்லது வேறு வழி காண வேண்டும், இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். வேலைவழிக் கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டவர்க்கும் ஏழு விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற வரம்பினால் இந்தியர்கள் பத்தாண்டுக்கும் மேலாக வரிசையில் நிற்கிறார்கள். புதிய ஹெச்1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதிக்கும் அறிவிக்கை 2025 செப்டம்பரில் வந்தபின் இந்த அச்சம் மேலும் தடித்திருக்கிறது. குழந்தையின் பள்ளியும் வீட்டுக் கடனும் மேலாளரின் ஒரு கையெழுத்தில் தொங்கும்போது, அந்த மேலாளரிடம் முடியாது என்று சொல்லும்படி அறிவுரை கூறுவது எளிது, கேட்டு நடப்பது கடினம். கூட்டத்தில் வாய்திறக்காத இந்தியப் பொறியாளரின் தயக்கத்தைப் பண்பாட்டின் கணக்கில் எழுதிவிடும் பயிற்சியாளர்கள், பக்கத்தில் அமர்ந்திருக்கும் குடியுரிமை பெற்ற இந்தியர் தாராளமாக வாதாடுவதைக் கவனிப்பதில்லை.

ஆகவே கேட்டுப் பழக வேண்டியவர் புதிதாக வந்தவர் மட்டுமல்லர். கேட்கப்படும் முன்பே சிலவற்றைச் சொல்ல வேண்டிய கடமை அவரை அழைத்துவந்த நிறுவனத்துக்கு உண்டு. மருத்துவக் காப்பீட்டையும் ஓய்வூதியக் கணக்கையும் விளக்கும் முதல் வார வகுப்பிலேயே, கிரீன் கார்டு மனுவை எந்த மாதம் தொடங்கும் என்பதை அது எழுத்தில் தரலாம். ஆட்குறைப்பு நேரும்போது வேலையை நிறுத்தினாலும் சில வாரங்கள் சம்பளப் பட்டியலில் வைத்திருந்து, 60 நாள் கணக்கு தொடங்குவதைத் தள்ளிப்போடலாம். இடமாற்றச் செலவோடு துணைவரின் கார் ஓட்டும் பயிற்சிக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுச் சாமான்களைக் கப்பலில் ஏற்றி அனுப்ப ஆகும் தொகையில் அது ஒரு சிறு பகுதியே.